கடிகாரம் தப்பாக ஓடியதாம்!

அத்தியாயம் 23

வழக்கு ஜெயித்ததா, தோற்றதா? நேற்று சாயங்காலத்திலிருந்து அந்த வீட்டில் ஆளுக்கொரு பதில் ஓடிக்கொண்டிருந்தது.

மாமனாரைக் கேட்டால், ஜெயித்தாயிற்று. காலை ஆறு மணிக்கே போனும் கையுமாகக் கூடத்தில் உட்கார்ந்துவிட்டார். "ஆமாமா, நம்ம பக்கம்தான் தீர்ப்பு! ஜட்ஜே சொல்லிட்டாரு!" என்று கிட்டத்து உறவு, தூரத்து உறவு, உறவே இல்லாத பழைய ஆபீஸ்காரர்கள் என ஒருவரையும் விட்டுவைக்கவில்லை.

கணவரைக் கேட்டால், "கிட்டத்தட்ட ஜெயிச்ச மாதிரிதான்" என்றார். எவ்வளவு கிட்ட, எவ்வளவு தட்ட என்று அவர் விளக்கவில்லை.

அவளை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், "எனக்கு ஏழே முக்காலுக்கு பஸ், முதல்ல குளிக்க விடுங்க" என்றுதான் சொல்லியிருப்பாள்.

போன வாரங்களைத் தவறவிட்டவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அவள் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் பதினேழு வருஷமாக வேலை பார்க்கிறவள். கணவர் ஒரு கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறவர். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வீட்டுக் கம்ப்யூட்டரில் 'வேளை' என்று ஒன்றை எழுத ஆரம்பித்தார். டாக்டர்கள் எழுதித் தந்த மாத்திரைகளை அதில் போட்டால், எதை எப்போது முழுங்க வேண்டும், எதோடு எதைச் சேர்க்கக் கூடாது என்று ஒரு தாளில் அச்சடித்துக் கொடுக்கும். அதை 'ஓப்பன் சோர்ஸ்' என்று சொல்லி ஊருக்கே இலவசமாகத் திறந்து வைத்தார். யாரும் எடுக்கலாம், மாற்றலாம். நிபந்தனை இரண்டுதான். எழுதியவர் பெயரை அழிக்கக் கூடாது. மாற்றியதையும் அதேபோல் திறந்து வைக்க வேண்டும்.

ஒரு பெரிய கம்பெனி எடுத்தது. பெயரை அழித்தது. பூட்டுப் போட்டு விலைக்கு விற்றது. அதோடு விட்டதா? இலவசமாகப் பயன்படுத்திக்கொண்டிருந்த சின்னச் சின்ன மருந்தகங்களுக்கு, 'எங்கள் சரக்கைத் திருடி வைத்திருக்கிறீர்கள்' என்று நோட்டீஸ் வேறு அனுப்பியது! அந்த நோட்டீஸ் அவள் வேலை பார்க்கும் மருந்தகத்துக்கே வந்தபோது கணவருக்கு ரத்தம் கொதித்தது. கோர்ட்டுக்குப் போனார். வாதாடியது அவருடைய சொந்த அக்கா. இழுத்துப் பறித்து மூன்று வருஷம்.

நேற்று வந்த தீர்ப்பில் முதல் நாற்பது பத்தியும் காதுக்கு இனிமை. இலவசமாகக் கொடுத்தாலும் நிபந்தனை நிபந்தனைதான், மீறினால் அது பதிப்புரிமை மீறல்தான், இந்தக் கம்பெனி எடுத்தது எடுத்ததுதான் என்று நீதிபதி அடித்துச் சொல்லியிருந்தார். எங்கெங்கோ இருக்கும் ஓப்பன் சோர்ஸ்காரர்கள் எல்லாம் கணவருக்கு வாழ்த்து அனுப்பித் தள்ளினார்கள். மாமனார் படித்ததும் அந்த நாற்பது வரைதான்.

நாற்பத்தொன்றில்தான் வினை உட்கார்ந்திருந்தது.

கணவர் அடுப்படிக்கு வந்தார். கையில் ஒரு தாள். முகத்தில் ஒரு சிரிப்பு. இந்த மனுஷர் காலையில் சிரித்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் வந்தால் ஏதோ காரியம் ஆக வேண்டும் என்று அர்த்தம்.

"இதுல ஒரு கையெழுத்து போடும்மா."

"என்னது?"

"ஒண்ணுமில்ல. ஒரு ஃபார்மாலிட்டி. நீ படிக்கவெல்லாம் வேண்டாம், டைம் ஆச்சுன்னு சொன்னியே."

படிக்க வேண்டாம் என்று சொன்ன பிறகு எந்தப் பெண்பிள்ளை படிக்காமல் இருப்பாள்? ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். 'வேளை நிரலில் நான் ஒரு வரியும் எழுதவில்லை. அது முழுக்க முழுக்க என் கணவரால் எழுதப்பட்டது. பதிவில் என் பெயர் இருப்பதற்குக் காரணம், கணினி என் பெயரில் இருந்தது. பதிவில் உள்ள நேரங்கள், கணினியின் கடிகாரம் தவறாக ஓடியதால் ஏற்பட்டவை.'

இரண்டாவது தடவையும் படித்தாள்.

"கடிகாரம் தப்பா ஓடிச்சா?"

"ஓடியிருக்கலாம்ல?"

"நாலு மாசம் ஓடிச்சா? சனி ஞாயிறு மட்டும் லீவு விட்டு ஓடிச்சா?"

"ஏம்மா, வக்கீலுக்கு எங்க அக்கா ஒருத்தி போதும். நீயும் ஆரம்பிக்காதே. அந்த ஜட்ஜ், காப்பியடிச்ச பகுதியில உன் பேர்தான் இருக்குங்கறார். அறுபத்து மூணு பதிவு, எல்லாம் பகல் நேரம், அப்ப நான் ஆபீஸ்ல இருந்தேனாம். அதனால எழுதினது நான்தான்னு நிரூபணம் ஆகலையாம். பேர் இருக்கறவங்க பத்து நாளைக்குள்ள வந்து சொல்லணுமாம், இல்லேன்னா கேஸ் தள்ளுபடி. அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம்!

அந்தப் பெயர் விவகாரம் அந்த வீட்டுக்கே உரிய லட்சணம். கம்ப்யூட்டர் அவளுக்கென்று வாங்கியது. அதிலிருந்து யார் எதை எழுதி ஏற்றினாலும் அவள் பெயரில்தான் பதிவாகும். கணவர் ராத்திரி உட்கார்ந்து எழுதியதும் அவள் பெயரில்தான். "அந்தப் பேரை மாத்தணும்" என்று ஒன்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இரண்டு நிமிஷ வேலை. குழாய் ஒழுகுவதைச் சரிபண்ணுவதும் இரண்டு நிமிஷ வேலை என்றுதான் சொல்வார்.

அவள் தாளைக் கீழே வைத்தாள். "என்னங்க, அந்த மோதல் பகுதியை எழுதினது யாரு?"

எந்த மாத்திரை எந்த மாத்திரையோடு மோதும், எத்தனை மணி நேரம் தள்ளிப் போட வேண்டும் என்று கணக்குப் போடும் இடத்துக்கு வீட்டில் வைத்த பெயர் மோதல். கம்பெனி ஒரு புள்ளி விடாமல் தூக்கியது அதைத்தான்.

"நான்தான்," என்றார் கணவர். "எது எதோட சேராதுன்னு நீ ஒரு லிஸ்ட் கொடுத்தே. நான் எழுதினேன். ஏன்?"

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். பொய் சொல்லும்போது அவருக்கு இடது காது சிவக்கும். பதினெட்டு வருஷமாகப் பார்க்கிறாள். இப்போது சிவக்கவில்லை. மனுஷர் நிஜமாகவே நம்புகிறார்! அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொய் என்றால் சட்டையைப் பிடித்து உலுக்கலாம். மறதியை என்ன செய்வது?

"எனக்கு பஸ் போயிடும்," என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடாமலே கிளம்பினாள்.

"நாளையிலேர்ந்து கோர்ட்டு லீவு! இன்னைக்கே கொடுக்கணும்!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அதற்கு மேல், "கேக்குக்குச் சொல்லிடவா? முட்டை போட்டதா, போடாததா?" என்று மாமனாரின் குரல்.

மருந்தகத்தில் அன்றைக்கென்று கூட்டம். கம்பிக்கு அந்தப் பக்கம் வரிசை வாசல் வரை நின்றது. இந்தப் பக்கம் இரண்டு பேர்தான். மூன்றாமவள் லீவு. இதற்கு நடுவில் பையிலிருந்த போன் வேறு துள்ளிக்கொண்டே இருந்தது. எடுத்தால், "உங்க வீட்டுக்காரர் கலக்கிட்டாராமே! மாமா சொன்னார்!" வைத்தால் அடுத்தது. நாலாவது அழைப்புக்குப் பிறகு போனின் வாயை அடைத்து டிராயரில் போட்டாள்.

ஒரு லாரி டிரைவர் ஐந்து வகை மாத்திரைச் சீட்டை நீட்டினார். அவள் கம்ப்யூட்டரில் தட்ட, தாள் வந்தது. எதை எப்போது என்று வட்டம் போட்டுக் காட்டினாள்.

"எல்லாத்தையும் ஒண்ணா முழுங்கிட்டா என்னம்மா? வயிறு ஒண்ணுதானே?"

"வயிறு ஒண்ணுதான். ஆனா இந்த ரெண்டும் உள்ள போய்க் கட்டிப் பிடிச்சுக்கும். ரெண்டுமே வேலை செய்யாது. நீங்க முழுங்கினதுக்குப் பலனே இருக்காது."

"அப்படியா? இது எப்படி இந்த மிஷினுக்குத் தெரியுது?"

அவள் தாளை மறுபடி பார்த்தாள். அதன் அடியில் பொடி எழுத்தில் கணவரின் பெயர் இருந்தது. ஒரு நாளைக்கு நூறு தாள் கிழித்துக் கொடுக்கிறாள். இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட அந்தப் பெயர் அவள் கண்ணை உறுத்தியதில்லை. இன்றைக்கு உறுத்தியது. நன்றாகவே உறுத்தியது.

எப்படித் தெரியுமாம்! ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இதே கம்பிக்கு முன்னால் ஒரு பெண் நின்றாள். ராத்திரி ஷிப்டில் கட்டடம் துடைக்கிறவள். "எட்டு மாசமா மாத்திரையை ஒரு நாள் விடலம்மா, ஆனா நிக்கவே முடியல," என்றாள். தைராய்டுக்கு ஒரு டாக்டர், ரத்தக் குறைவுக்கு ஒரு டாக்டர். இரண்டு மாத்திரைக்கும் நடுவே நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். அவளோ வேலை முடிந்து, தூங்கி எழுந்து, இரண்டையும் ஒரே வாய்த் தண்ணீரில் முழுங்கிக்கொண்டிருந்தாள். எட்டு மாசமும் அவற்றைக் கையில் எடுத்துக் கொடுத்தது யார்? இவள்தான்.

அந்த வாரமே படியில் வழுக்கி இவள் கால் எலும்பு முறிந்தது. நாலு மாசம் கட்டு. கணவர் ஆபீஸுக்குப் போனதும், காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு, அவருடைய அலமாரிப் புத்தகத்தைப் பிரித்து வைத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி, தப்பாகி, அழித்து, மறுபடி தட்டி எழுதியது அந்த மோதல். முதல் முறை சரியாக ஓடிய அன்றைக்கு வீட்டில் யாரும் இல்லை. ஒற்றைக் காலில் நின்று தனியாகக் கை தட்டிக்கொண்டாள்.

பன்னிரண்டரை மணிக்கு நாத்தனார் வந்து நின்றாள். கோர்ட்டு கோட்டைக் கையில் மடித்துப் போட்டிருந்தாள். இரண்டு நிமிஷம் பேச வேண்டும் என்றாள். சரக்கு அறையில் பெட்டிகள் மேல் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள்.

"கையெழுத்து போட்டியா?"

"போடல அண்ணி."

"அப்பாடா! அந்தக் கடிகாரக் கதையை யாரு எழுதினது?"

"உங்க தம்பிதான்."

"அதானே பாத்தேன். வக்கீல் எவளும் அப்படி எழுத மாட்டா." நாத்தனார் தீர்ப்பை எடுத்து நாற்பத்தொன்றாவது பத்தியை விரலால் தட்டினாள். "நேத்து ஒரு தடவை படிச்சேன். காலையில மறுபடி படிச்சேன். இடிக்குதும்மா. திங்கள்லேர்ந்து வெள்ளி, பத்துலேர்ந்து மூணு. என் தம்பி அந்த நேரத்துல ஆபீஸ்ல இருந்தான்னு அவன் ஆபீஸ் வருகைப் பதிவே சொல்லுது. பின்ன பேய் வந்து எழுதிச்சா?"

"பேய் இல்ல அண்ணி. காலுல கட்டுப் போட்டுக்கிட்டு நான்தான் எழுதினேன்."

நாத்தனார் கண்ணாடியைக் கழற்றினாள். துடைத்தாள். மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"மூணு வருஷம்! மூணு வருஷமா நான் கோர்ட்டுல நின்னு கத்திக்கிட்டிருக்கேன். நீ வாயைத் திறக்கல?"

"யாரு கேட்டீங்க?" என்றாள் அவள். "கேஸ் எப்படிப் போகுதுன்னு கேட்டா, 'உனக்கெதுக்கு அந்தத் தலைவலி'ங்கறார் உங்க தம்பி. மனுவைக் காட்டுங்கன்னா, 'உன்னை அலைய வைக்க வேண்டாம்னு பாக்கறேன்'னீங்க நீங்க. அதுல என் பேரும் எங்கேயோ இருக்கும்னு நான் நெனச்சுக்கிட்டிருந்தேன் அண்ணி. முட்டாள் மாதிரி நெனச்சுக்கிட்டிருந்தேன்."

வெளியே டோக்கன் மணி அடித்தது. யாரோ, "எவ்வளவு நேரம்தான் நிக்கறது?" என்று சத்தம் போட்டார்கள்.

"சரி, கேளு," என்றாள் நாத்தனார். "நீ வந்து நான்தான் எழுதினேன்னு சொன்னா கேஸ் நிக்கும். ஆனா, எல்லாம் நான்தான்னு அவன் ஏற்கெனவே சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கான். அவனும் கூட வந்து, என் நினைவு தப்புன்னு எழுதிக் கொடுக்கணும். கொடுத்தா கோர்ட்டு பொறுத்துக்கும். கொடுக்கலைன்னா பெண்டாட்டி ஒண்ணு சொல்றா, புருஷன் ஒண்ணு சொல்றான்னு அந்தக் கம்பெனிக்காரன் கால் மேல கால் போட்டுக்கிட்டு வேடிக்கை பாப்பான். நீ எழுதினது அந்தக் கம்பெனியோடதுன்னே ஆயிடும்."

"எப்போ கொடுக்கணும்?"

"இன்னைக்கு நாலரைக்குள்ள. லீவு முடிஞ்சு திறக்கறதுக்குள்ள பத்து நாள் ஓடிடும்."

"அவர் ஒத்துக்குவாரா?"

"என் தம்பியா?" நாத்தனார் எழுந்து புடவையில் ஒட்டிய தூசியைத் தட்டினாள். "சின்ன வயசுல கண்ணாடி டம்ளரை உடைச்சுட்டு, அது தானா விழுந்துதுன்னு ஒரு வாரம் சாதிச்சவன் அவன். வா, பாப்போம்."

மூன்றரை மணிக்குக் கோர்ட்டு வராந்தா பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே மனு வாங்கும் ஜன்னல். அதன் மேல் ஒரு கடிகாரம். அது சரியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

விஷயத்தைக் கேட்டதும் கணவர் குதித்தார்.

"அதெப்படி? ஒன்பது வருஷமா வேளைன்னா நான், நான்னா வேளை! இன்னைக்கு எத்தனை பேர் எனக்கு வாழ்த்து அனுப்பியிருக்காங்க தெரியுமா? அவங்ககிட்ட போய், மன்னிக்கணும், முக்கியமான இடத்தை எழுதினது நான் இல்லன்னு சொல்லச் சொல்றீங்களா?"

"உண்மையா இருந்தா சொல்லத்தான் வேணும்," என்றாள் நாத்தனார்.

"உண்மைதானான்னுதான் நான் கேக்கறேன்!"

"கம்ப்யூட்டரைத் திறங்க," என்றாள் அவள். "மோதலை எடுங்க. முதல் வரியைப் படிங்க. நீங்க எழுதின மத்த எல்லா இடத்துலயும் காலை, மதியம், ராத்திரின்னு கணக்கு ஓடுது. இங்க மட்டும் ஏன் தூங்கி எழுந்த நேரத்துலேர்ந்து ஆரம்பிக்குது?"

அவர் மடியில் கம்ப்யூட்டரைத் திறந்தார். படித்தார். மேலே போனார், கீழே வந்தார்.

"அது... ஒரு வசதிக்காக."

"யாரோட வசதிக்கு?"

அவர் மறுபடி முதல் வரிக்கே போனார்.

"ராத்திரி ஷிப்ட் பாக்கறவங்களுக்குக் காலைங்கறது சாயங்காலம் அஞ்சு மணிங்க. அவங்க மாத்திரை முழுங்கறது கடிகாரத்தைப் பாத்து இல்ல, எழுந்திருக்கறதைப் பாத்து. அதுக்காகத்தான் ஒரு வாரம் மண்டையை உடைச்சுக்கிட்டேன்."

"நீ சொல்லியிருப்பே. நான் போட்டிருப்பேன்."

"போட்டிருப்பேன், போட்டிருப்பேன்! அறுபத்து மூணு தடவையும் போட்டிருப்பீங்களா? ஆபீஸ்லேர்ந்து பறந்து வந்து போட்டுட்டுப் போனீங்களா?"

அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. மாமனார். "ஏம்ப்பா, கேக்குமேல என்ன எழுதச் சொல்லட்டும்? பேரு போடவா?"

"அப்பா, போனை வைங்க!"

வைத்துவிட்டு அவர் அவள் பக்கம் திரும்பினார். முகம் கொதித்தது. "இங்க பாரு. நாலு மாசம் நீ வீட்டுல காலை நீட்டிக்கிட்டு உக்காந்திருந்தே. அந்த நாலு மாசம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்! ஒரு மீட்டிங்ல நிம்மதியா இருக்க விட்டியா? பதினோரு மணிக்கு ஒரு போன், பன்னிரண்டுக்கு ஒரு போன். இந்த வரி ஓடலங்க, அந்த வரியில என்னங்க தப்புன்னு உயிரை எடுத்தே! எங்க மேனேஜர் ஒரு நாள் கேட்டே கேட்டுட்டார், உங்க வீட்டுல யாருங்க புரோகிராம் எழுதறாங்கன்னு. நான் அப்ப..."

நின்றுவிட்டார். வாய் திறந்தபடியே இருந்தது.

நாத்தனார் மெதுவாகக் கேட்டாள். "மேனேஜருக்கு என்ன பதில் சொன்னே?"

அவர் கம்ப்யூட்டரை மூடினார். மூடியின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார்.

"என் பெண்டாட்டின்னு சொன்னேன்."

அவளுக்கு அவரை நாலு மொத்து மொத்த வேண்டும்போலவும் இருந்தது, சிரிக்க வேண்டும்போலவும் இருந்தது. தன் வாயாலேயே திட்டித் தன் வாயாலேயே மாட்டிக்கொண்ட மனுஷரை வேறு என்ன செய்ய?

"மறந்தே போச்சும்மா," என்றார். "சத்தியமா. படிச்சுப் பாத்து அங்கங்க சரி பண்ணினேன், அது ஞாபகம் இருக்கு. அப்படியே எல்லாம் நான்தான்னு மனசுல பதிஞ்சு போச்சு."

"பேனா கொடு அக்கா," என்றும் அவரே சொன்னார்.

அதற்குப் பிறகு காரியங்கள் மளமளவென்று நடந்தன. நாத்தனார் சொல்லச் சொல்ல, பக்கத்து அறை டைப்பிஸ்ட் தட்டினார். நோட்டரி முன்னால் அவள் கையை உயர்த்தினாள். 'மோதல் என்னும் பகுதி முழுவதையும் நானே எழுதினேன்.' ஒன்பது வருஷத்தில் அந்த வாக்கியத்தை அவள் ஊரறியச் சொன்னது அதுதான் முதல் தடவை. கணவரும் தன் நினைவு தப்பு என்று எழுதிக் கொடுத்தார்.

நாலு இருபதுக்கு ஜன்னலில் கொடுத்தார்கள். குமாஸ்தா புரட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "இதுல எழுதினவங்கன்னு போட்டிருக்கே, அது யாரு?"

"இவங்கதான்," என்று கணவர் அவளை முன்னால் நகர்த்தினார். "என் மனைவி."

முத்திரை விழுந்தது. அவளுக்கு உடம்பெல்லாம் லேசானது. காலையிலிருந்து இருந்த எரிச்சல் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. சந்தோஷம் என்றால் சந்தோஷம்! வீட்டுக்குப் போய் அந்தக் கேக்கைக்கூட ஒரு துண்டு சாப்பிடலாம் என்று தோன்றியது.

எதிர்த் தரப்புக்கும் ஒரு பிரதி கொடுக்க வேண்டுமே. கம்பெனியின் வக்கீல் அங்கேதான் தூணோரம் நின்றுகொண்டிருந்தார். நரைத்த தலை, நிதானமான மனிதர். கையெழுத்துப் போட்டு வாங்கி, நின்ற இடத்திலேயே படித்தார். படித்துவிட்டு நேரே அவளிடம் வந்தார்.

"உங்க வக்கீல் பக்கத்துலேயே இருக்காங்க, அதனால இங்கேயே சொல்லிடறேன்," என்றார் மரியாதையாக. "இதை எழுதினது நீங்களா இருக்கலாம்னு எங்க கட்சிக்காரருக்கு மூணு வருஷத்துக்கு முன்னாடியே தெரியும்மா."

"தெரியுமா?"

"பதிவுல உங்க பேர்தானே இருந்துது? எடுக்கறவங்க அதைப் பாக்காமலா எடுப்பாங்க? விக்கறதுக்கு முன்னாடி உங்களுக்குத்தான் மெயில் போட்டாங்க. அனுமதி கேட்டு."

நாத்தனார் குறுக்கே வந்தாள். "சார், எதுவா இருந்தாலும் கோர்ட்டு திறந்ததும் பேசிக்கலாம்."

"தாராளமா. லீவு முடிஞ்சதும் தாக்கல் பண்ணப் போறதைத்தான் காட்டறேன். முன்னாடியே காட்டியிருந்தா நாங்க எடுத்தோம்னு நாங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகியிருக்கும். இப்பதான் ஜட்ஜே எடுத்தீங்கன்னு சொல்லிட்டாரே, இனி மறைச்சு என்ன ஆகப் போகுது?" தன் காகிதக் கட்டிலிருந்து ஒரு தாளை உருவி அவளிடம் கொடுத்தார். "இது நீங்க போட்ட பதில்மா. கால் மணி நேரம் முன்னாடி நீங்க பண்ணின சத்தியம் இதுக்கு நேர் எதிரா இருக்கு. ரெண்டுல எது பொய்னு ஜட்ஜ் கேப்பார். பதில் யோசிச்சு வைங்க."

போய்விட்டார். செருப்புச் சத்தம் வராந்தா முடியும் வரை கேட்டது.

தாளில் அவள் பெயர் இருந்தது. அவளுடைய மெயில் முகவரி இருந்தது. வழக்குப் போடுவதற்கு ஆறு மாசம் முந்தைய தேதி இருந்தது. நாலே வரி. 'நான் புரோகிராம் எதுவும் எழுதவில்லை. எனக்கு அதில் ஒன்றும் தெரியாது. எல்லாம் என் கணவர் எழுதியது. இனிமேல் என்னைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.'

அவள் அதை எழுதவில்லை. அப்படி ஒரு மெயில் வந்ததையும் அவள் பார்க்கவில்லை. பேருக்குத்தான் அவள் முகவரி. கரண்ட் பில் முதல் கல்யாணப் பத்திரிகை வரை வீட்டுக்கு வருவது எல்லாம் அதில்தான் வரும். யார் வேண்டுமானாலும் திறப்பார்கள். மாமனார் திறப்பார், கணவர் திறப்பார், வந்தால் நாத்தனாரும் திறப்பாள்.

மெதுவாகத் தலையை நிமிர்த்தினாள்.

நாத்தனார் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள். கணவர் ஜன்னலுக்கு மேலிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய இடது காது சிவந்திருந்தது.

தாள் அவள் கையில்தான் இருந்தது. இரண்டு பேரில் ஒருவர்கூட, "என்ன எழுதியிருக்கு?" என்று கேட்கவில்லை.